ஆயிரத்து எழுநூறு ஊசிகள்

புதன்கிழமை மாலை நான்கரை மணி இருக்கும். யாழினியின் அம்மா கம்ப்யூட்டரில் ஒரு சட்டையின் கைப்பகுதியை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று மேசைக்கு அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். திரை இருண்டுவிட்டது. பின்னாலேயே கருகிய வாடை வந்தது.

“நான் எதையும் தொடலை!” என்று அடுத்த அறையிலிருந்து கத்தினான் தம்பி நித்தீஷ். அவனை யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

அம்மா சுவிட்சை அமுக்கிப் பார்த்தார். வயரைப் பிடுங்கி மறுபடியும் செருகிப் பார்த்தார். அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்த யாழினி, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு அடியில் நுழைந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் காதை வைத்தாள். எப்போதும் உள்ளே ‘உர்ர்ர்’ என்று சுற்றும் விசிறியின் சத்தம் கேட்கவில்லை.

“மூச்சே இல்லைம்மா,” என்றாள்.

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “சனிக்கிழமைக்குள்ள குடுக்கோணுமே கண்ணு.”

யாழினியின் அம்மா அனிதா, பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங் வேலை பார்த்தவர். துணியில் எங்கே குறை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை அது. பிறகு கம்ப்யூட்டரில் சட்டைகளுக்கு அளவுப்படம் வரையக் கற்றுக்கொண்டார். இப்போது திருப்பூருக்குப் பக்கத்தில் முதலிபாளையத்தில் வீட்டிலிருந்தே வரைகிறார். அவர் வரைந்து கொடுக்கும் படத்தை வைத்துத்தான் கம்பெனிகளில் துணியை வெட்டுவார்கள்.

ஆனால் இந்தத் தடவை அவர் வரைந்தது கடையில் விற்கிற சட்டை இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் சுபஸ்ரீ போன மாதம் வீட்டுக்கே வந்து கேட்டிருந்தார்.

“மாசம் முழுசா ஆகறதுக்கு முன்னாடியே சில குழந்தைங்க பொறந்தர்றாங்கக்கா. கடையில இருக்கிற சின்னச் சட்டைகூட அவங்களுக்குப் போர்வை மாதிரி இருக்குது. குழாய் எல்லாம் மாட்டியிருப்போம், அதனால தலை வழியாப் போடவும் முடியாது. முன்னாடி முழுசாத் திறக்கிற மாதிரி வேணும்.”

அம்மா பழைய துணியில் மாதிரி தைத்து, அளந்து, பிரித்து, மறுபடி தைத்து, மூன்று வாரம் உழைத்தார். விரித்த கையளவுதான் இருந்தது அந்தச் சட்டை. பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வந்து நாற்பது சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மாலை துணி வெட்ட வேண்டும். படம் இன்னும் முடியவில்லை. வரைகிற மென்பொருளும் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா ஸ்கூட்டரை எடுத்தார். கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு யாழினி பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் “மெதுவா, மெதுவா” என்றாள். அம்மாவிடம் சொன்னாளா பெட்டியிடம் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது.

திருப்பூரில் செல்வக்குமார் என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கீழே விற்பனை. மாடியில் பழுது பார்க்கும் அறை. கடையில் கூட்டம் இருந்தது. செல்வக்குமார் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பஞ்சு உருண்டு விழுந்தது.

“ஒரு தலையணையே தைக்கலாம் போல இருக்குதுங்க அங்கிள்,” என்றாள் யாழினி.

“பனியன் ஊராச்சே, நம்மூர்ல எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதல்ல பஞ்சுதான் அம்மிணி வரும்,” என்று அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். “மதர்போர்டு போயிருச்சுங்க. புராசஸர் நல்லா இருக்குது, டிஸ்க்கும் நல்லா இருக்குது. உங்க படம் எங்கயும் போகலீங்க. இந்தப் புராசஸருக்குப் பொருந்தற மாதிரி வேற போர்டு ஒண்ணு பார்த்து மாட்டினாப் போதும்.”

அம்மாவுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

செல்வக்குமார் மதர்போர்டைக் கழற்றி மேசையில் வைத்தார். யாழினி அதற்கு முன்னால் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

அகலமான பச்சைப் பலகை. அதன் மேல் முடியளவு மெல்லிய கோடுகள், நூற்றுக்கணக்கில். எல்லாம் சேர்ந்து ஓடின, ஒன்றாகத் திரும்பின, பிரிந்தன, ஒன்றுகூட இன்னொன்றை இடிக்கவில்லை. சில கோடுகள் மட்டும் காரணமே இல்லாமல் வளைந்து வளைந்து போயின.

“இது ஏனுங்க இப்படிச் சுத்திச் சுத்திப் போகுது? நேராப் போனா சீக்கிரம் போயிரலாமில்ல?”

“எல்லாச் சேதியும் ஒரே நேரத்துல போய்ச் சேரோணும். பக்கத்துல இருக்கிறது சீக்கிரம் போயிரும். அதனால அதுக்கு மட்டும் தூரத்தைக் கூட்டி வெச்சிருக்காங்க.”

யாழினி வாயைத் திறந்தபடி குனிந்து பார்த்தாள். இவ்வளவு நாள் இதன் மேல்தான் காலை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாளா!

பிறகு அவர் ஒரு சின்ன நெம்புகோலைத் தூக்கி, பிஸ்கட் அளவு சதுரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். “இதுதான் புராசஸர். ஓரத்தை மட்டும் பிடிச்சுப் பாரு. இதுக்குள்ள சுவிட்சு மாதிரி எத்தனை இருக்குது தெரியுமா? பல நூறு கோடி.”

“கோடியா?”

“கோடிதான்.”

வீட்டில் மொத்தம் பதினாறு சுவிட்சு. அதிலேயே எது எந்த விளக்குக்கு என்று அவளுக்கு இன்னும் குழப்பம் உண்டு. அவள் மூச்சு விடாமல் அந்தச் சதுரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வரிசை வரிசையாகத் தங்க நிறப் புள்ளிகள். அது உட்கார்ந்திருந்த இடத்தில், அதே வரிசையில், கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் தங்க ஊசிகள்.

“ஆயிரத்து எழுநூறு ஊசி,” என்றார் செல்வக்குமார். “ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஊசி. இந்தப் பொருத்தம் முதல்ல சரியா இருக்கோணும்.”

பொருத்தமான போர்டுகள் என்று மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று பழையதைச் சரிசெய்தது. இரண்டாவது புதிது. மின்சாரம் கொடுத்ததும் அதன் ஓரத்தில் சிவப்பு, நீலம், ஊதா என்று விளக்குகள் ஓடின. மூன்றாவதும் புதிதுதான். ஆனால் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாம்பல் நிறத்தில் கனமான உலோகத் துண்டுகளை ஒட்டிக்கொண்டு உம்மென்று இருந்தது.

“லைட்டு எரியறதைத்தான் எல்லாரும் வாங்கறாங்க,” என்றார் செல்வக்குமார்.

அம்மா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் புரியலையே கண்ணு.”

யாழினிக்கும் புரியவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “அங்கிள், இதுல எது ரிப்பேருக்கு அதிகமா வரும்?”

செல்வக்குமார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மாடியைக் காட்டினார். “நான் விக்கறவன். அதை மேல இருக்கிற சந்தனத்துகிட்டக் கேளு. அவங்கதான் ரிப்பேர் பண்றவங்க.”

யாழினியும் அம்மாவும் மாடி ஏறினார்கள். அங்கே ஒரு பெண் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒரு போர்டில் புகை வர ஈயத்தை உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, “வாங்க, வாங்க. அந்த வயரை மிதிச்சிராதிய,” என்றார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

யாழினி தன் கேள்வியைச் சொன்னாள். சந்தனம் மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். “அதுல கெடக்கது பூரா இந்த மாசம் செத்த போர்டு. எது எதுன்னு நான் எண்ணிப் பாத்ததில்லையே தாயி.”

“நான் எடுத்துப் பார்க்கட்டுங்களா?”

“பாரு. கையைக் குத்திக்கிடாத.”

யாழினி தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு போர்டாக எடுத்து அடுக்கினாள். மொத்தம் பதின்மூன்று. முதலில் நிறத்தை வைத்துப் பிரித்தாள். ஒன்றும் தெரியவில்லை. பெரியது, சிறியது என்று பிரித்தாள். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எங்கே கருகியிருக்கிறது என்று பார்த்து அடுக்கினாள்.

அவள் கை நின்றது.

“அம்மா, இங்க பாருங்க. பதினொண்ணு ஒரே இடத்துல கருகியிருக்குது!”

புராசஸர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்புச் சதுரங்கள் ஒரு வரிசையாக இருந்தன. கருகியதெல்லாம் அங்கேதான். மற்ற இரண்டு போர்டுகளில் மட்டும் அந்த வரிசைக்கு மேல் உலோகத் தகடு ஒன்று மூடியிருந்தது. அவை வேறு எங்கோ பழுதாகியிருந்தன.

“அந்தச் சதுரம்தான் புராசஸருக்குக் கரண்டை அளந்து குடுக்கும்,” என்றார் சந்தனம். இப்போது அவர் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து வந்திருந்தார். “நல்லாச் சூடாகும். அந்தத் தகடு சூட்டை இழுத்து வெளிய விடும்.”

“தகடு இல்லாம, பஞ்சும் வந்து மூடிக்கிட்டா?”

“பெறகென்ன, டப்புதான்.”

யாழினிக்கு நேற்று கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. தங்கள் போர்டிலும் தகடு இல்லை.

“பஞ்சு என்ன பண்ணுதுன்னு பாக்கியா?” என்று சந்தனம் அவளை மைக்ரோஸ்கோப்பிடம் அழைத்தார்.

யாழினி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். “அம்மா!” என்று பின்வாங்கினாள். பிறகு மறுபடியும் பார்த்தாள்.

அந்த மெல்லிய கோடுகள் செம்பினாலான அகலமான சாலைகளாகத் தெரிந்தன. ஈயப் பொட்டுகள் வெள்ளிக் குன்றுகளாகப் பளபளத்தன. இரண்டு குன்றுகளுக்கு நடுவே தேர்வடம் போல முறுக்கிக்கொண்டு ஏதோ கிடந்தது.

“அந்தக் கயிறு என்னதுங்கக்கா?”

“ஒத்தை இழை பஞ்சு. உன் சட்டையிலருந்துகூட விழுந்திருக்கும்.”

யாழினி தன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, மேசையிலிருந்து மெதுவாக ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். சந்தனம் விழுந்து விழுந்து சிரித்தார்.

கீழே வந்ததும் யாழினி மூன்று போர்டுகளிலும் அந்தக் கறுப்புச் சதுரங்களைத் தேடினாள். பழைய போர்டில் தகடே இல்லை. விளக்கு எரியும் போர்டில் அழகான மூடி இருந்தது. விரலால் தட்டினாள். ‘டொக்’ என்றது. பிளாஸ்டிக். உம்மென்றிருந்த மூன்றாவதைத் தட்டினாள். நல்ல கனமான உலோகம்.

“இதுதாம்மா,” என்றாள்.

“அது ஒண்ணே ஒண்ணுதான் கையிருப்பு இருக்குது,” என்றார் செல்வக்குமார். “மூணு வருஷம் வாரண்டி உண்டு. இப்பவே மாட்டிரலாம்.”

அவர் ஊசிகளின் மேலிருந்த மூடியை எடுத்தார். புராசஸரைக் கையில் எடுத்தார். கடையில் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

யாழினிக்கு ஒரு பழக்கம் உண்டு. அம்மா துணியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் குறை பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பாள். ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்றவரின் பனியனில் தையல் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். பாவம், அவர் இறங்கும் வரை முதுகைக் கம்பியில் ஒட்டிக்கொண்டே நின்றார். அந்த முகத்தை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இப்போதும் அவள் தலையைச் சாய்த்தாள். விளக்கு வெளிச்சம் தங்க ஊசிகளின் மேல் ஓடியது. காற்றடிக்கும்போது நெல்வயல் அசைவதுபோல ஒரே சீராக ஓடிய பளபளப்பு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் விட்டுப்போயிற்று.

மறுபக்கம் சாய்ந்து பார்த்தாள். அங்கேயும் அதே இடத்தில் ஒரு சின்ன இருட்டு.

செல்வக்குமாரின் கை இறங்கிக்கொண்டிருந்தது. ‘நிறுத்துங்க!’ என்று கத்த வாயெடுத்தவள், காத்திருக்கும் ஆட்களைப் பார்த்தாள். சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்தாள். எக்கி நின்று, அவர் காதில் மட்டும் சொன்னாள்.

“அங்கிள், ஒரு ஊசி சாஞ்சிருக்குதுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “எனக்குத் தெரியலையே அம்மிணி.” ஆனாலும் புராசஸரை ஓரமாக வைத்துவிட்டு, போர்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். யாழினியும் அம்மாவும் பின்னாலேயே ஏறினார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் சந்தனம் பார்த்தார். “ஆமா. பத்தாவது வரிசையில ஒண்ணு பக்கத்து ஊசி மேல சாஞ்சு கெடக்கு. இதுக்கு மேல புராசஸரை வச்சு அமுக்கியிருந்தா போர்டோட அதுவும் போயிருந்தாலும் போயிருக்கும்.”

செல்வக்குமாரின் முகம் வெளுத்துவிட்டது. “காலைல ஒருத்தருக்கு நான்தான் மூடியைக் கழட்டிக் காட்டினேன். என் கை பட்டிருக்குது.”

“நிமித்திரலாம்,” என்றார் சந்தனம். “ஆனா எத்தனை நாளைக்குத் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது.”

அம்மா கவலையோடு கடிகாரத்தைப் பார்த்தார். “வேற வழியில்லீன்னா அந்த லைட்டுப் போர்டையே மாட்டிருங்ணா. எனக்கு நாள் இல்லை.”

“அம்மா,” என்றாள் யாழினி, “கைப்பகுதி மட்டும்தானே பாக்கி? எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மணி நேரம்.”

“அப்ப நாளைக்கு ஒரு நாள் பொறுக்கலாமே. பாதியில மறுபடி டப்புன்னா என்ன பண்றது?”

செல்வக்குமார் போனில் யாரிடமோ விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

“கோயம்புத்தூர்ல பெரிய கடையில இதே போர்டு இருக்குது. காலைல முதல் பஸ்ஸுக்கு நானே போய் எடுத்துட்டு வந்தர்றேனுங்க. நாளைக்குச் சாயங்காலம் வாங்க.” பிறகு யாழினியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அத்தனை பேர் முன்னாடி கத்தாம என் காதுல சொன்ன பாரு, அதுக்காகவே போகோணும்.”

வெள்ளிக்கிழமை மாலை அவர் சொன்னபடியே பிரிக்காத புதுப் பெட்டியோடு மாடியில் சந்தனத்தின் மேசையருகே காத்திருந்தார். மூடியை எடுத்ததும் யாழினியின் பக்கம் நகர்த்தினார். “முதல்ல நீ பாரு.”

அவள் இந்தப் பக்கம் சாய்ந்தாள். அந்தப் பக்கம் சாய்ந்தாள். ஆயிரத்து எழுநூறு ஊசிகளும் ஒன்று விடாமல் மின்னின.

“நீயே வை,” என்றார் சந்தனம். “மூலையில முக்கோணம் இருக்கு பாரு. அதுக்கு நேரா இதை வச்சு விட்டுரு. அமுக்கவே கூடாது.”

யாழினி கையைச் சட்டையில் துடைக்கப் போனாள். பஞ்சு ஞாபகம் வந்து, காற்றில் உதறிக்கொண்டாள். சதுரத்தின் ஓரங்களைப் பிடித்து, முக்கோணத்துக்கு நேராக முக்கோணம் வைத்து, விரல்களை எடுத்தாள். அது தானாகவே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அத்தனை ஊசியும் அத்தனை புள்ளியும் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிட்டன. ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குக் கையெல்லாம் சிலிர்த்தது.

எல்லாவற்றையும் பூட்டி மின்சாரம் கொடுத்தார்கள். விசிறி அசைந்தது, சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அம்மா தன் படத்தைத் திறந்தார்.

சட்டை வந்தது. ஒரு கை இல்லாமல், விட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

பல நூறு கோடிச் சுவிட்சுகள், வளைந்து வளைந்து ஓடும் அத்தனை கோடுகள், எல்லாம் சேர்ந்து இந்தக் குட்டிச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக யாழினிக்குத் தோன்றியது.

“இது யாருக்குங்க, பொம்மைக்கா?” என்று கேட்டார் செல்வக்குமார்.

அம்மா சொன்னார். சந்தனம் தன் உள்ளங்கையை விரித்துத் திரைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். “இத்தனூண்டா?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இன்னொரு கையையும் வரைந்து முடித்தார். சனிக்கிழமை துணி வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தைத்தார்கள். திங்கள்கிழமை நாற்பது சட்டைகளும் ஒரே ஒரு பையில் அடங்கி மருத்துவமனைக்குப் போயின.

வியாழக்கிழமை நர்ஸ் சுபஸ்ரீ போன் செய்தார். அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“எல்லாருக்கும் சரியா இருக்குதுங்கக்கா. ஒருத்தர் மட்டும் நேத்து வந்திருக்காங்க. அவங்களுக்கு இதுவே தொளதொளன்னு இருக்குது. இன்னும் கொஞ்சம் சின்னதா முடியுங்களா?”

“இன்னும் சின்னதாவா?” என்றார் அம்மா. தன் கையை விரித்துப் பார்த்தார். விரல்களைக் கொஞ்சம் மடக்கிப் பார்த்தார்.

அதற்குள் யாழினி மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். சுவிட்சை அமுக்கினாள். “உட்காருங்கம்மா,” என்றாள், “உர்ர்ருன்னு ஆரம்பிச்சிருச்சு!”